ரயிலேறிப் போன பிள்ளைகள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், அமெரிக்காவின் 'அனாதை ரயில்கள்' பற்றி நாகர்கோவில் வாசகர் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பத்து வரியில் பதில் எழுதியிருந்தேன். நகரத்து ஏழைக் குழந்தைகளை ரயிலில் ஏற்றி, தொலைவிலுள்ள கிராமங்களில் விவசாயக் குடும்பங்களிடம் வளர்க்கக் கொடுத்த ஏற்பாடு அது. அதைப் படித்துவிட்டுத் தோவாளை முதல் விளவங்கோடு வரை மாவட்டம் முழுவதிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. பத்து வரி போதவில்லை என்று அந்தக் கடிதங்களே சொல்லிவிட்டன. ஆகவே இம்முறை வேறு பொருள் எதையும் நான் தொடவில்லை.

"அம்மா, ஒரு நாட்டில் இப்படியும் நடந்திருக்குமா? முன்பின் தெரியாத ஆட்களிடம் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட யார் துணிந்தார்கள்? எதற்காக?"
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஆரல்வாய்மொழி

நடந்தது, ஐயா. 1854-ல் தொடங்கி 1929 வரை 75 ஆண்டுகள் நடந்தது. நியூயார்க், பாஸ்டன் போன்ற கிழக்குக் கரை நகரங்களிலிருந்து ஏறக்குறைய 2 லட்சம் பிள்ளைகள் இவ்வாறு அனுப்பப்பட்டார்கள் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு.

தொடங்கி வைத்தவர் சார்லஸ் லோரிங் பிரேஸ் என்ற இளைஞர். இறையியல் படித்தவர், 1853-ல், தம் 26-ஆம் வயதில், 'சில்ட்ரன்ஸ் எய்டு சொசைட்டி' என்ற சங்கத்தை நியூயார்க்கில் நிறுவினார். அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்களும் ஜெர்மானியக் குடியேறிகளும் கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. ஓர் அறைக்குள் இரண்டு குடும்பங்கள் ஒண்டிக் கிடந்தன. காலரா வந்தால் தெருவே காலியானது. துறைமுகத்தில் அடிபட்டுச் செத்த தகப்பனுக்கு நஷ்டஈடு கிடையாது. அவன் விட்டுப்போன மனைவிக்கு அரசிடமிருந்து ஒரு காசும் வராது. பிள்ளைகள் செய்தித்தாளும் தீக்குச்சியும் விற்றார்கள், கந்தல் பொறுக்கினார்கள், இரவில் மாடிப்படிகளுக்கு அடியில் சுருண்டு படுத்தார்கள். 1849-ல் நகரக் காவல்துறைத் தலைவர் ஜார்ஜ் மாட்செல் இந்தப் பிள்ளைகளைப் பற்றித் தம் அறிக்கையில் எச்சரித்து எழுதும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது.

மணியடித்தால் உண்டு, மணியடித்தால் உறங்கி, வரிசையில் நின்று வளரும் அனாதை விடுதிப் பிள்ளைக்கு வாழ்க்கையை எதிர்கொள்ளத் தெரியாமல் போய்விடும் என்று பிரேஸ் கருதினார். பிள்ளை ஒரு குடும்பத்துக்குள் வளர வேண்டும் என்றார். அந்த அளவில் அவர் சொன்னது முழுக்கச் சரி. இன்றைய குழந்தை நலச் சட்டங்களும் அதே எண்ணத்தின் மேல்தான் நிற்கின்றன. மேற்கே நிலம் பரந்து கிடக்கிறது, வேலைக்கு ஆள் இல்லை, ஆகவே பிள்ளைக்கும் நன்மை, விவசாயிக்கும் நன்மை என்று அடுத்து அவர் போட்ட கணக்கில்தான் கோளாறு புகுந்தது. வீட்டுக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று வந்தவரும் வயலுக்கு ஓர் ஆள் வேண்டும் என்று வந்தவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். அவர்களைப் பிரித்தறிய யாரிடமும் வழி இல்லை.

முதல் குழுவில் சுமார் 45 பிள்ளைகள். படகு, ரயில், ஏரியைக் கடக்க நீராவிக் கப்பல், மறுபடியும் ரயில் என்று மாறி மாறிப் பயணம் செய்து, 1854 அக்டோபர் 1-ஆம் தேதி மிச்சிகன் மாநிலத்தின் டவாஜியாக் என்ற சிற்றூரில் வந்து இறங்கினார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. வழிபாட்டுக்குக் கூடிய ஊரார் முன்னிலையில், உடன் வந்த சங்கத்து முகவர் விஷயத்தைச் சொன்னார். ஒரு வாரத்துக்குள் பெரும்பாலான பிள்ளைகளை ஊரார் அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். எஞ்சியவர்கள் இன்னும் மேற்கே அனுப்பப்பட்டார்கள். பின்னால் இதுவே நடைமுறையாகிவிட்டது. இன்ன தேதியில் பிள்ளைகள் வருகிறார்கள் என்று முன்கூட்டியே துண்டறிக்கை ஒட்டுவார்கள். ஊர் மருத்துவர், போதகர், வங்கிக்காரர் போன்றவர்கள் குழுவாக இருந்து, கேட்டு வருபவர் தகுதியானவரா என்று பார்ப்பார்கள். ஆலயத்திலோ நாடகக் கொட்டகையிலோ பிள்ளைகளை மேடையேற்றுவார்கள். பிள்ளைகள் பாடுவார்கள், மனப்பாடமாக ஏதாவது சொல்லுவார்கள். சில விவசாயிகள் அருகில் வந்து சிறுவனின் கைச்சதையை அழுத்திப் பார்த்ததையும், வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்ததையும் அந்தப் பிள்ளைகளே முதுமையில் சொல்லியிருக்கிறார்கள். மாட்டுச் சந்தைக்குப் போய் வந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

"தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்குச் சோறும் கூரையும் கிடைத்ததே, அது புண்ணியம்தானே? இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது, அம்மா?"
– வாசகி, தக்கலை

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அந்தப் பிள்ளைகளில் மிகப் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள் என்பதை அறிந்த பிறகுதான் என் எண்ணம் மாறியது. 'அனாதை ரயில்' என்ற பெயரே பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தக் காலத்தில் சங்கத்தார் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. கணவனை இழந்து, மூன்று பிள்ளைகளில் ஒன்றுக்காவது வயிறு நிறையட்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாய்மார் இருந்தார்கள். காசநோயில் படுத்தவர்கள் இருந்தார்கள். வேலை கிடைக்கும்வரை வைத்திருங்கள் என்று விடுதியில் விட்டுப் போய், திரும்பி வந்தபோது பிள்ளை ஆயிரம் மைலுக்கு அப்பால் போய்விட்டதை அறிந்தவர்களும் இருந்தார்கள்.

அந்த வீடுகளில் இல்லாமல் போனது பணம்தான், பாசம் இருந்தது. பணம் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய ஒன்றுக்குப் பிள்ளையை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் குறை சொல்லுவது இதை.

அண்ணன் தம்பிகள், அக்காள் தங்கைகள் பிரிந்ததும் சாதாரணமாக நடந்தது. இரண்டு பேரையும் எடுக்க வசதியில்லை என்று ஒரு குடும்பம் இளையவளை மட்டும் அழைத்துப் போகும். மூத்தவன் மறுபடியும் ரயிலேறி அடுத்த ஊருக்குப் போவான். பழைய வீட்டை மறப்பதே பிள்ளைக்கு நல்லது என்று அன்று உறுதியாக நம்பினார்கள். பெற்றோரோடு கடிதத் தொடர்பும் பெரும்பாலும் அறுந்தது. குடும்பத்தார் பெயரை மாற்றினார்கள். 60, 70 வயதான பிறகு தம் பிறப்புச் சான்றைத் தேடி அலைந்தவர்கள் ஏராளம். கான்சஸ் மாநிலத்தின் கான்கார்டியா நகரில் இன்று இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. தம் பாட்டனோ பாட்டியோ எந்த ரயிலில் வந்தார்கள் என்று தேடி அங்கே பேரப்பிள்ளைகள் போகிறார்கள்.

"போன பிள்ளைகளில் நல்ல நிலைக்கு வந்தவர்கள் யாரும் இல்லையா?"
– கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

இருக்கிறார்கள், தம்பி. 1859-ல் இந்தியானா மாநிலத்துக்கு ஒரே ரயிலில் போன இரண்டு சிறுவர்களில் ஆண்ட்ரூ பர்க் வடக்கு டகோட்டாவின் ஆளுநரானார். ஜான் கிரீன் பிரேடி அலாஸ்காவின் ஆளுநரானார். மனமார நேசித்த வளர்ப்புத் தாய்மாரைக் கடைசிவரை வாழ்த்தியவர்கள் பலர். 1884-ல் மின்னசோட்டாவில் ஹேஸ்டிங்ஸ் ஹார்ட் என்ற அதிகாரி விசாரித்து எழுதிய அறிக்கை, சிறு வயதில் போன குழந்தைகள் பெரும்பாலும் தேறினார்கள் என்றும், ஆனால் யார் எவர் என்று ஆராயாமல் அவசரமாகப் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னது. ஆளுநரான இருவரை முன்னிறுத்தி, அடிபட்டு ஓடிப்போனவர்களை மறைத்துவிடக் கூடாது.

"கத்தோலிக்கக் கன்னியரும் இவ்வாறு குழந்தைகளை அனுப்பியதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?"
– வாசகர், குளச்சல்

உண்மை. பிரேஸின் சங்கம் அயர்லாந்துக் கத்தோலிக்கப் பிள்ளைகளையும் புராட்டஸ்டன்ட் வீடுகளில் சேர்க்கிறது என்ற மனக்குறை கத்தோலிக்கரிடையே பலமாக இருந்தது. 1869-ல் சிஸ்டர் ஐரின் என்ற துறவி நியூயார்க்கில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக ஃபவுண்ட்லிங் இல்லத்தைத் தொடங்கி, வாசலில் ஒரு தொட்டிலை வைத்தார். 1992-ல் நம் மாநிலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை இது உங்களுக்கு நினைவூட்டும். தொட்டில் நிறைந்து வழிந்தபோது அவர்களும் ரயிலை நாடினார்கள். இவர்கள் மேடையில் நிறுத்தவில்லை. எந்தக் குழந்தை எந்த வீட்டுக்கு என்று ஊர்ப் பங்குத்தந்தை வழியாக முன்பே முடிவு செய்திருந்தார்கள். குழந்தையின் சட்டையில் ஓர் எண் தைக்கப்பட்டிருக்கும். ரயிலடியில் காத்திருக்கும் தம்பதியர் கையிலும் அதே எண் இருக்கும். பேசத் தெரியாத இரண்டு வயதுக் குழந்தை, கழுத்தருகே எண்ணோடு, அறியாத ஊரின் நடைமேடையில் ஒரு கன்னியாஸ்திரியின் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுகிறது. எத்தனை நல்ல மனத்தோடு செய்திருந்தாலும் அந்த எண் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

1904-ல் அரிசோனாவின் கிளிஃப்டன், மோரன்சி என்ற சுரங்க ஊர்களில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கன்னியர் கொண்டுவந்த 40 வெள்ளைக் குழந்தைகள் மெக்சிகோ வழிவந்த கத்தோலிக்கத் தொழிலாளர் வீடுகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. வெள்ளைக் குழந்தையை மெக்சிகர் வளர்ப்பதா என்று கொதித்த வெள்ளையர்கள் இரவில் துப்பாக்கியோடு வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் பறித்தார்கள். பறித்தவற்றில் 19 குழந்தைகளை அவர்களே வைத்துக்கொண்டார்கள். ஃபவுண்ட்லிங் இல்லம் உச்ச நீதிமன்றம் வரை போயும், 1906-ல் தோற்றது. குழந்தையின் நலன் கருதி என்றுதான் அந்தத் தீர்ப்பிலும் காரணம் எழுதியிருந்தார்கள்.

"வேறு நாடுகளிலும் உண்டா? இது எப்படித்தான் முடிவுக்கு வந்தது?"
– நூலகர், நாகர்கோவில்

பிரிட்டனில் 1869 முதல் 1930-கள் வரை சுமார் 1 லட்சம் பிள்ளைகளைக் கனடாவின் பண்ணைகளுக்குக் கப்பலேற்றினார்கள். புகழ்பெற்ற பர்னார்டோ இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டிரங்குப் பெட்டியில் துணிமணியும் பைபிளும் வைத்துக் கொடுத்தார்கள். அந்தப் பெட்டிகளைக் கனடாவில் இன்றும் பாதுகாத்து வருகிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புவது தொடர்ந்தது. உன் தாய் இறந்துவிட்டாள் என்று அங்கே பலரிடம் பொய் சொன்னார்கள். 2009-ல் ஆஸ்திரேலியப் பிரதமரும் 2010-ல் பிரிட்டிஷ் பிரதமரும் மன்னிப்புக் கேட்டபோது, அந்தத் தாய்மாரில் பலர் உண்மையாகவே இறந்துபோயிருந்தார்கள்.

சுவிட்சர்லாந்தில் நடந்தது இன்னும் கொடிது. ஏழைகள், மணமாகாத தாய்மார், மணமுறிவு பெற்றவர்கள் ஆகியோரின் பிள்ளைகளை ஊராட்சியே எடுத்துப் பண்ணைகளில் சேர்த்தது. 19-ஆம் நூற்றாண்டில் சில ஊர்களில் இதற்கு ஏலம் நடந்தது. வழக்கமாக ஏலத்தில் விலை ஏறும், இங்கே இறங்கியது. பிள்ளையை வைத்துக்கொள்ள ஊராட்சியிடம் யார் மிகக் குறைந்த தொகை கேட்டாரோ அவருக்கே பிள்ளை. இவ்வாறு பண்ணைகளில் சேர்ப்பது 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நீடித்தது. 2013-ல் அரசு மன்னிப்புக் கேட்டது. பாதிக்கப்பட்டு உயிரோடு இருப்பவர்களுக்கு ஆளுக்கு 25,000 பிராங்க் வழங்கும் சட்டம் 2017-ல் நடைமுறைக்கு வந்தது.

அமெரிக்காவில் இது முடிந்ததற்கு, மேற்கு மாநிலங்கள் வெளியூர்ப் பிள்ளைகளைக் கட்டுப்படுத்திச் சட்டம் இயற்றியதும் ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. 1909-ல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில் கூட்டிய மாநாடு, வறுமை என்ற ஒன்றை மட்டும் காரணம் காட்டிக் குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது என்று சொன்னது. 1911-ல் இலினாய் மாநிலம் ஆதரவற்ற தாய்மாருக்கு மாத உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. மற்ற மாநிலங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்தன. தாயின் கையில் மாதம் சிறிது பணம் வரத் தொடங்கியதும் ரயிலேறும் பிள்ளைகள் குறைந்தார்கள். முதல் ரயிலுக்கும் அந்த முதல் உதவித்தொகைக்கும் இடையே 57 ஆண்டுகள் ஓடியிருந்தன.

"அமெரிக்காவைச் சொல்லுகிறீர்கள். நம் ஊரில் பிள்ளைகளைப் பிறர் வீட்டில் கொண்டுபோய் நிறுத்தியதில்லையா? போர்டிங்கில் விட்டதும் அதுதானே?"
– வாசகி, மணவாளக்குறிச்சி

நேர்மையான கேள்வி. போர்டிங்கை இதோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. நாகர்கோவிலில் லண்டன் மிஷன் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தத் தொடங்கி இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. போர்டிங்கில் நின்று படித்தவர்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஆசிரியைகளும் செவிலியரும் நம் மாவட்டத்தில் எத்தனை பேர்! அங்கே கஞ்சி நீர்த்திருக்கும், கட்டுப்பாடு கடுமையாக இருக்கும். ஆனாலும் விடுமுறைக்குப் பிள்ளை வீட்டுக்கு வந்தது, தான் யார் பிள்ளை என்று அதற்குத் தெரிந்திருந்தது, கையில் புத்தகம் இருந்தது.

'வேலைக்கு நிற்பது' என்ற ஒன்று இருந்ததே, அதைத்தான் நான் சொல்ல வேண்டும். நான் வளர்ந்த இரணியல் வீட்டில் ஓர் அக்கா நின்றார். கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து எட்டு வயதில் கொண்டுவரப்பட்டவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவரை எங்கள் வீட்டில் யாரும் அடித்ததில்லை. வளர்ந்த பிறகு எங்கள் வீட்டார் நகை போட்டுத்தான் கட்டிக்கொடுத்தார்கள். ஊரெல்லாம் எங்களை மெச்சியது. ஆனால் காலையில் நான் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது அவர் கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பார். எல்லாரும் உண்டு முடித்த பிறகு அடுக்களையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். திருவிழாவுக்கு முந்தின வாரம் அவருடைய அம்மா கருவாட்டுப் பொதியோடு வருவார். திண்ணையோடு நின்றுவிடுவார், உள்ளே வரமாட்டார். அவர் திரும்பிப் போகும்போது, பஸ் திருப்பத்தில் மறையும்வரை அக்கா பின்வாசல் தென்னையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு வங்கிப் படிவத்தில் அவர் பெருவிரலை மையில் தோய்த்து வைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் கையில் அப்போது பட்டம் இருந்தது. எங்கள் வீட்டு நல்ல மனத்துக்குள் இப்படி ஓர் அநியாயம் இருந்தது என்பதை நான் ஒளிக்க விரும்பவில்லை.

2006 அக்டோபர் முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வீட்டு வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். அதற்கு முன்பே, 2004 டிசம்பர் 26-ஆம் தேதிச் சுனாமியில் குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் சிதைந்து கிடந்தபோது, பிள்ளைகளை எடுத்து வளர்க்கிறோம் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் முன்வந்தார்கள். பெரும்பாலோர் நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள்தாம். ஆனாலும் உடனடித் தத்தெடுப்புக் கூடாது என்று அரசு தடுத்தது. அந்தத் தடை சரியானது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். பேரிடர் நேரத்தில் கைமாறும் பிள்ளையின் தடத்தைப் பிறகு தேடிப் பிடிப்பது மிகக் கடினம். உயிரோடு இருக்கும் சித்தியோ பாட்டியோ மூன்றாம் நாள் முகாமில் வந்து நிற்கக்கூடும்.

"பக்கத்து வீட்டு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி போன மாதம் இறந்துபோனார். அவர் மனைவிக்கு அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வேலை. இரண்டு பிள்ளைகள். மூத்த பெண்ணை நாங்கள் எடுத்து வளர்க்கலாம் என்று நினைக்கிறோம்; எங்களுக்குப் பிள்ளை இல்லை. முத்திரைத்தாளில் எழுதி வாங்கினால் போதுமா, அக்கா?"
– ஒரு தம்பதியர், குலசேகரம்

உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் முத்திரைத்தாளில் 'வளர்க்கக் கொடுத்தேன்' என்று எழுதி வாங்குவதால் உங்களுக்கு எந்த உரிமையும் வராது, அந்தப் பிள்ளைக்கு எந்தப் பாதுகாப்பும் வராது.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 44-ஆம் பிரிவு வளர்ப்புப் பராமரிப்பு பற்றியது. ஒரு பிள்ளையை வேறு குடும்பத்தில் விட வேண்டுமானால் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுதான் ஆணையிட வேண்டும். எடுக்கும் குடும்பத்தின் தகுதியையும் நோக்கத்தையும் ஆராய வேண்டும். உடன்பிறந்தவர்களைக் கூடுமானவரை சேர்த்தே வைக்க வேண்டும். பெற்றோரால் பார்த்துக்கொள்ள இயலாது என்று குழு முடிவு செய்து பிள்ளையை வேறு வீட்டில் விட்டாலும், அவர்கள் வந்து பார்க்க வழி இருக்க வேண்டும். டவாஜியாக்கில் இவற்றில் ஒன்றுகூட இல்லை என்பதை நினைத்துக்கொண்டு இந்தப் பிரிவைப் படித்தால், ஒவ்வொரு வரியும் யாரோ ஒரு பிள்ளை பட்டதிலிருந்து எழுதியது போலத் தோன்றும்.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தவரை, அந்தப் பெண் தாயை விட்டு வரவேண்டிய நிலை இன்னும் வரவில்லை. கணவனை இழந்த தாயோடு வாழும் பிள்ளைக்கு 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தின்கீழ் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கிடைக்க வழியுண்டு. குடும்ப வருமானத்துக்கு வரம்பு இருக்கிறது. நாகர்கோவிலில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். வழி தெரியாவிட்டால் 1098 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம். கணவரின் இறப்புச் சான்று, ரேஷன் அட்டை, பிள்ளைகளின் ஆதார், பள்ளிச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆலையில் ஒருநாள் கூலியை விட்டு அலுவலகத்துக்கு அலைவது அந்தத் தாய்க்குப் பாரம். அதற்கு நீங்கள் கூடப் போங்கள். மாலையில் அந்தப் பெண் உங்கள் வீட்டில் உட்கார்ந்து படிக்கட்டும், சாப்பிடட்டும், இரவில் தாயிடம் போய்ப் படுத்துக்கொள்ளட்டும். அதற்கு யாருடைய ஆணையும் தேவையில்லை. பிள்ளை வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கு, தத்தெடுப்புக்கான மத்திய ஆணையமான காராவில் பதிவு செய்து காத்திருப்பது நேரான வழி. அது எப்படி என்று உங்களுக்குத் தனியே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் இளைய பிள்ளையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆணா பெண்ணா, என்ன வயது, பள்ளிக்குப் போகிறதா என்று எனக்கு எழுதுங்கள்.